மூன்றாம் தொட்டியில் பதினொரு மணி

பிச்சாண்டியை எரித்துவிட்டு வந்த பத்தாம் நாள், காலை ஷிப்டில், மூன்றாம் தொட்டியின் வயிற்றுக்குள்ளிருந்து அவன் குரல், "ஏகா, மணி இன்னாடா?" என்று கேட்டது. ஏகாம்பரம் அப்போது நுரையடக்கும் எண்ணெயை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தான். கையை எடுக்காமலே "பதினொண்ணுணா" என்றான், அளவை நோட்டில் எழுதினான், பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினான், அதற்கப்புறம்தான் பதில் சொன்னது யாருக்கு என்பது அவனுக்கு உறைத்தது. உறைத்த பின்னும் அவன் ஓடவில்லை. பேட்ச் ஓடும்போது தொட்டியை விட்டு நகரக்கூடாது என்பது அங்கே சட்டம்.

பாலாறு வெறும் மணலாய்க் கிடக்கிற பக்கத்தில், தோல் ஷெட்டுகளின் வாடை எட்டுகிற தூரத்தில் இருந்தது அந்த மருந்துத் தொழிற்சாலை. ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கு உயரமுள்ள ஆறு எஃகுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் லிட்டர் கஞ்சி. அந்தக் கஞ்சியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியைச் சர்க்கரையும் காற்றும் ஊட்டி, மனித உடம்பின் சூட்டிலேயே வைத்து வளர்த்து, அதன் உடலுக்குள்ளிருந்து இதயக் குழாயில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தைப் பிரித்தெடுப்பார்கள். பிச்சாண்டி அதில் மூன்றாம் தொட்டிக்குப் பன்னிரண்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவன். ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு, மூன்றாம் தொட்டியில் முதுகைச் சாய்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அவனைக் காப்பாற்றக்கூடிய மருந்து, மருந்தாவதற்கு இன்னும் ஆறு வாரம் பாக்கியிருக்கிற பச்சைக் கஞ்சியாக, அவன் முதுகுக்கு அந்தப் பக்கம் சுழன்றுகொண்டிருந்தது. இதை எல்லோரும் நினைத்தார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவன் ஏன் போகாமல் தங்கிவிட்டான் என்பதற்குத் தொழிலாளிகள் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அங்கே சங்கு ஊதியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, "நான் பாத்துக்குறேன், நீ கெளம்பு" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்கிற வரைக்கும் முன்னவன் ஷிப்டில் இருக்கிறான் என்றுதான் அர்த்தம். அன்றைக்கு ஸ்ட்ரெச்சரும் அழுகையுமாக இருந்த களேபரத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சரி, இப்போது சொல்லிப் பார்ப்போமே என்று ஏகாம்பரம் கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னான். உள்ளே பிச்சாண்டி சிரித்தான். "இன்னாடா அவசரம் ஒனக்கு? மணி பதினொண்ணுதான ஆவுது? ஷிப்ட் முடியட்டும், ரெண்டு மணிக்கு மேல வந்து சொல்லு." அதைக் கேட்டு அத்தனை பேருக்கும் உயிர் வந்தது. பிறகு யாரும் சொல்லிப் பார்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் தொழிற்சாலை முழுக்க ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: பிச்சாண்டியிடம் அவன் செத்த செய்தியைச் சொல்லக்கூடாது. அதற்கு ஒரே வழி, மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்தில் மணி பதினொன்றைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார்கள். அந்தத் தளத்தில் மட்டும் சங்கின் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் கேன்டீன்காரர் பதினொரு மணி டீயைக் கொண்டுவந்து தொட்டியின் காலடியில் வைத்துவிட்டு, ஆறியதும் எடுத்துப்போனார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு, தீப்பிடித்தால் எந்த வாசலில் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த கையோடு, மூணாம் டேங்க் கிட்ட யார் மணி கேட்டாலும் பதினொண்ணுதான் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். தரக்கட்டுப்பாட்டு நூர்ஜஹான், எதையும் எழுதாமல் விட்டால் தூக்கம் வராதவள், வழக்கத்துக்கு மாறாக நடப்பதைப் பதிகிற விலகல் படிவத்தில் "தொட்டி மூன்று: மனிதக் குரல். பொருளின் தரத்தில் பாதிப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சோதனைக்கு வந்த மருந்து ஆய்வாளர் அந்தப் படிவத்தை இரண்டு தரம் படித்தார், தொட்டியில் காதை வைத்துக் கேட்டார், பின்பு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தக் குரலுக்குரிய ஆளுக்குப் பயிற்சிச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டார். பங்குனி வரைக்கும் இருந்தது. அவர் திருப்தியாகப் போய்விட்டார்.

அம்சவேணிக்கு மட்டும் யாரும் போன் பண்ணிச் சொல்லவில்லை. அவள் பிச்சாண்டியின் பெண்சாதி. அதே தொழிற்சாலையில் இன்ஜினியர். ஆபரேட்டரைக் கட்டிக்கொண்ட இன்ஜினியர் என்று கல்யாணமான புதிதில் ஊரே பேசி ஓய்ந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நெற்றி வெறுமையாக, அவள் வேலைக்கு வந்தபோது, ஏகாம்பரம் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் மூன்றாம் தொட்டியின் பின்புறம், தரையிலிருந்து மார்பளவு உயரத்தில் ஓர் இடத்தைக் காட்டினான். அவள் காதை வைத்தாள். எஃகு வெதுவெதுவென்றிருந்தது.

"மேடம், சாப்ட்டியா?" என்றது உள்ளே.

தொழிற்சாலைக்குள் அவளை அவன் கிண்டலாக மேடம் என்றுதான் கூப்பிடுவான். சுற்றி நின்ற ஆண்கள் அத்தனை பேரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "சாப்ட்டேங்க" என்றாள் வேணி. மூன்று நாளாக அவள் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். என்ன பேசினாள் என்கிறீர்கள்? உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத பாக்கியம் கிடைத்தவள் என்ன பேசுவாள்? சமையல்கட்டுக் குழாய் ஒழுகுவதைப் பேசினாள். சிலிண்டர் இன்னும் வரவில்லை என்றாள். மாடிவீட்டுக்காரி துணியைப் பிழியாமல் காயப்போட்டு நம் துணியெல்லாம் ஈரம் என்று புகார் சொன்னாள். அவனும் வாஷரை மாற்றச் சொன்னான், மாடிவீட்டுக்காரியிடம் வம்புக்குப் போகாதே என்றான். நாளைக்கும் வருவோம், நாளைக்கும் அவன் இருப்பான் என்கிற நினைப்பில், அந்த மாதங்களை அவள் அப்படித்தான் வாரி இறைத்தாள். பாழாய்ப்போன மனித ஜென்மம், கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் ஒழுகுவதைத்தான் பேசும்.

ஆனால் அவள் வேலை என்னவோ அந்தத் தொட்டிதான். ஆறு தொட்டிகளில் மூன்றாவது மட்டும் ஆரம்பத்திலிருந்தே சவலைப்பிள்ளை. அதே கிருமி, அதே சர்க்கரை, ஆனால் மருந்து மட்டும் குறைவு. காரணத்தைக் கண்டுபிடி என்று ஆலைத் தலைவர் வரதன் அவளிடம் கொடுத்திருந்தார். தொட்டியை உடைத்துப் பார்க்க முடியாது. ஆகையால் அவள் கணினிக்குள் அதேபோல ஒரு தொட்டியைக் கட்டினாள். அதன் வயிற்றை நாற்பது லட்சம் குட்டிக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்தையும், உன்னிடம் வருகிற கஞ்சி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எவ்வளவு காற்றைச் சுமந்து வருகிறது என்று கேட்டாள். நாற்பது லட்சமும் பதில் சொல்லி முடிக்க மூன்று பகலும் மூன்று இரவும் ஆயிற்று. நாலாம் நாள் காலை திரையில் படம் வந்தது. காற்று தாராளமாக உள்ள இடமெல்லாம் சிவப்பு, மட்டான இடம் மஞ்சள். தொட்டியின் பின்புறத்தில், சுழலைத் தடுக்கச் சுவரில் பற்றவைத்திருந்த தகட்டுக்குப் பின்னால் மட்டும், ஓட்டம் எட்டாமல், காற்று ஒரு துளியும் இல்லாமல், ஆழ்ந்த நீலத்தில் ஒரு திட்டு. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் அளவு இருந்தது அது.

அவள் காதை வைக்கிற இடத்துக்கு நேர் உட்புறம் அது.

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே அவள் கேட்டாள்: "ஏங்க, ஒங்களுக்கு உள்ள ஏதாச்சும் செய்யுதா?"

"ஒண்ணும் இல்ல வேணி. நெஞ்சு கொஞ்சம் அடைக்குது. நீ சொன்ன மாதிரி காஸுதான்."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், வேணிக்கு ஒன்பது மணிக்குக் கூட்டம், அதற்குத் தயாராக அவளும் அவன் ஷிப்ட் நேரத்துக்கே கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே நெஞ்சு அடைக்குது என்றான். அவள் தலைவாரிக்கொண்டே, ராத்திரி பரோட்டா தின்னா காஸு அடைக்காம இன்னா பண்ணும் என்றாள், ஓமத்தண்ணி ஒரு மடக்குக் கொடுத்தாள், வண்டியில் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு வேலைக்கு வந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவன் அதே அடைப்போடு உள்ளே உட்கார்ந்திருக்கிறான், அவள் சொன்னதையே நம்பிக்கொண்டு.

மேலே சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தொட்டியைச் சரிசெய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அடியில் சுழலும் விசிறியை ஒரு முழம் தூக்கி, இலைகளை மேல்நோக்கிச் சாய்த்து, அடியில் காற்றை ஊதும் வளையத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும், ஓட்டம் அந்த மூலைக்கும் போய்விடும். அது அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஓட்டம் போனால் அங்கே இருப்பது எதுவும் அங்கேயே இருக்காது என்பதும் தெரிந்துவிட்டது. காற்றை மட்டும் கொடுத்து ஆளை அப்படியே விட முடியுமா என்று பதினொரு விதமான விசிறிகளைத் திரையில் வரைந்து வரைந்து பார்த்தாள். காற்று ஓட்டத்தின் தோளில் ஏறித்தான் வருகிறது. வந்த ஓட்டம் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பதினொன்றிலும் நீலத் திட்டு கரைந்து போயிற்று. அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, படத்தில் அந்த மூலையை வெட்டிவிட்டு, காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று அறிக்கை எழுதினாள்.

"கணக்கு முடிய இன்னும் எவ்வளவு நாளாகும்மா?" என்று வரதன் கேட்டார். அவரும் சில நாள் இயந்திரச் சத்தத்தில் சந்தேகம் வந்தால் நைசாகப் பின்பக்கம் போய்ப் பிச்சாண்டியிடம் யோசனை கேட்கிறவர்தான்.

"கட்டங்கள் போதல சார். மறுபடி போடணும்."

"மெதுவாவே போடுங்க" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மூன்று மாதம் மெதுவாகவே போட்டாள். கிருமி பல்கிப் பெருகி வெறிகொண்டு காற்றைத் தின்கிற, பேட்ச் தொடங்கிப் பன்னிரண்டாம் மணி நேரத்தில் பிச்சாண்டி பேச்சை நிறுத்திவிடுவான். அண்ணன் வேலையில இருக்காரு, தொந்தரவு பண்ணாத என்று ஆபரேட்டர்கள் ஒருவருக்கொருவர் சைகை காட்டி நகர்ந்து போவார்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பது, காற்றளவைக் காட்டும் கோடு எப்போது விழுகிறது, எப்போது எழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் மறுநாள் டிபன் பாக்ஸோடு வந்தாள். தெரிந்தும் குழாயைப் பற்றிப் பேசினாள். அவளைத் திட்டத் தோன்றுகிறதா? திட்டுங்கள். அவளும் தன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அவன் குரல் கேட்காத ஒரு மத்தியானத்தை நினைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஆனி மாதம் ஒரு நாள், அவன் முதல்முறையாக ஒன்று கேட்டான். அது வரைக்கும் அவளிடம் தனக்கென்று எதையுமே கேட்காதவன். வார்த்தைக்கு வார்த்தை நடுவில் நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

"மேடம். நீ டேங்க் இன்ஜினியர்தான? இந்த மூலைக்கு... கொஞ்சம் காத்து வர்ற மாதிரி... பண்ண முடியாதா?"

வேணி எழுந்து, நேராகக் கேன்டீனுக்குப் போய், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று சொன்னாள். நீலத் திட்டைச் சொன்னாள், காற்று இல்லாததைச் சொன்னாள், எட்டு மாதமாக அவன் திணறிக்கொண்டிருப்பதைச் சொன்னாள். தனக்கு அது எப்போது தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கையைச் சோற்றிலிருந்து எடுக்கவில்லை.

"காத்த மட்டும் வுட்டுட்டு ஆள வச்சிக்க முடியாதா மேடம்?" என்றான் ஏகாம்பரம்.

"பதினோரு தரம் போட்டுப் பாத்துட்டேன்பா."

"இன்னொரு தரம் போட்டுப் பாருங்க."

"ஏகா" என்றாள் நூர்ஜஹான், "அவருக்கு மூச்சு முட்டுது." மாற்றத்துக்கான படிவத்தை அவள்தான் நிரப்பினாள். காரணம் என்ற கட்டத்தில் விளைச்சல், திறன் என்றெல்லாம் எழுதாமல், "மூச்சுத் திணறல்" என்று எழுதினாள். வரதன் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

தொட்டியைக் காலிசெய்து, கழுவி, புது விசிறியைப் பொருத்த நாலு நாள் ஆயிற்று. தொட்டி காலியாக இருக்கும்போது பிச்சாண்டி பேசமாட்டான். கஞ்சி நிரம்பி விதைக் கிருமி உள்ளே போனதும்தான் குரல் வரும். விதையை ஊற்றியதும் விசிறியைச் சுழலவிட வேண்டும் என்பது விதி. அன்றைக்கு ஊற்றினார்கள், சுழலவிடவில்லை. பொத்தானை வேணியிடம் விட்டுவிட்டு எல்லோரும் பத்தடி தள்ளி நின்றார்கள். காற்றளவு மீட்டர் நூறு சதவீதம் காட்டியது. கலக்காத கஞ்சியில் கிருமி தின்னத் தின்ன அது இறங்கும். அது தீர்கிற வரைக்கும்தான் பேசலாம்.

"வேணி, மணி இன்னா?"

"ரெண்டு பத்து" என்றாள் அவள்.

எட்டு மாதத்தில் யாரும் சொல்லாத மணி.

"ரெண்டு பத்தா? அப்ப ரிலீவர் வந்திருக்கணுமே."

"ஏங்க... அது அந்தச் செவ்வாக்கெழம இல்ல. எட்டு மாசம் ஆயிடிச்சி."

காற்று எழுபது. "செத்துட்டனா வேணி?"

"ம்."

"அதான் பசியே எடுக்கல. நான் கேன்டீன்காரர் மேல சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன்." யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஏகா, நீகூட சொல்லலியேடா."

"மனசு வரலணா" என்றான் ஏகாம்பரம், அங்கிருந்தே.

காற்று நாற்பத்தைந்து. வேணி கன்னத்தை எஃகோடு அழுத்திக்கொண்டாள். "அன்னிக்கு நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னீங்க. நான்தான் காஸுன்னு சொன்னேன். காஸு இல்லங்க அது. அப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருந்தா..."

"ஐய. நீ இன்னா டாக்டரா? நானும் காஸுன்னுதான் நெனச்சேன். வுடு." இருபத்தெட்டு. அவன் குரல் இழுத்தது. "எட்டு மாசமா... இங்க காத்து வரலன்னு... ஒங்க யாருக்கும் தெரியாதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது எப்போதிலிருந்து தெரியும் என்பது பத்தடி தள்ளி நின்றவர்கள் யாருக்கும் தெரியாது. "அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூணு மாசமா தெரியும்ங்க. நீங்க போயிடுவீங்கன்னு பண்ணாம இருந்துட்டேன்."

ஏகாம்பரம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பதினாறு. பன்னிரண்டு. உள்ளே கிர்ரென்று ஓர் இழுப்பு மட்டும் கேட்டது. பிறகு, அடியிலிருந்து சொற்களைப் பிடுங்கிப் பிடுங்கி எடுக்கிறவனாக, "வேணி... ஒண்ணு சொல்றன்... கேளு... நீ..." என்றான், அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை, மறுபடி "நீ..." என்றான்.

காற்று நாலு. அவள் பொத்தானை அழுத்தினாள்.

விசிறி சுழன்றது, அடியிலிருந்து எழுந்த ஓட்டம் தகட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க மூலைக்குள் புகுந்தது. அப்போது அவன் ஒரு மூச்சு இழுத்தான். அவ்வளவு நீளமான மூச்சை யாரும் கேட்டதில்லை; எட்டு மாதத்துக்கும் சேர்த்து இழுத்த மூச்சு அது. விட்டபோது அது தொட்டியின் இந்தப் பக்கமிருந்து வந்தது, அப்புறம் அந்தப் பக்கமிருந்து, அப்புறம் எல்லாப் பக்கமிருந்தும், அப்புறம் கஞ்சி சுழலும் சத்தம் மட்டும்தான்.

மூன்றாம் தொட்டியில் விளைச்சல் பதினேழு சதவீதம் கூடியது. அம்சவேணியைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, படங்களைத் திரையில் போட்டுக்காட்டச் சொன்னார்கள். முந்தைய படத்தில் அந்த நீலத் திட்டு வந்தபோது அவள் சுட்டுக்கோலை அதன் மேல் வைத்துவிட்டு, சொல்ல வந்ததை மறந்து நின்றாள். பிந்தைய படம் முழுக்கச் சிவப்பு. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏகாம்பரம் ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை. ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவள் தொட்டியின் நாலு பக்கமும் முக்காலியை மாற்றி மாற்றிப் போட்டுக் காதை வைப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணன் கடைசியா இன்னா சொல்ல வந்தாரு மேடம்?"

"தெரியலப்பா."

"மன்னிச்சிட்டேன்னுதான் சொல்ல வந்திருப்பாரு."

"இருக்கலாம்" என்றாள் வேணி. "இல்லாமயும் இருக்கலாம். இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தா சொல்லி முடிச்சிருப்பாரு ஏகா. அந்த அரை நிமிஷத்துக்கு அவருக்கு மூச்சு இல்ல."